டாக்டரம்மா காரில் ஏற்றிய பாரம்

டாக்டரம்மா என்னைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு போனதெல்லாம் என்னுடைய தைரியத்துக்காக என்றுதான் நான் முதலில் நம்பினேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என் மனைவி அன்றைக்கே சிரித்துவிட்டாள்.

அப்போது எனக்கு முப்பது வயது இருக்கும். ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு. அடுத்தவனுடைய சாவைப் பற்றி, அவன் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே, கலங்காமல் பேசுவது என் தொழில். தென்னூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு டாக்டரம்மாவுடையது. கோட்டைப் பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் அவர் பெரிய டாக்டர். அந்தக் காலத்தில் பெண் டாக்டர் என்றால் ஜனங்கள் நின்று பார்ப்பார்கள். அவரே கார் ஓட்டிக்கொண்டு வந்தால், பார்த்து முடிக்க நேரமாகும் என்று உட்கார்ந்து பார்ப்பார்கள்.

ஒருநாள் காலை மதிற்சுவருக்கு மேலே அவருடைய தலை தெரிந்தது. மூக்குக்கண்ணாடியை நூல் போட்டுக் கழுத்தில் கட்டியிருப்பார். அதை எடுத்து மாட்டிக்கொண்டு என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு குறுக்கே பார்த்தார். அந்தக் குறுக்குப் பார்வையிலேயே எனக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

"மிஸ்டர், இன்னிக்கு உங்களுக்கு வேலை உண்டா?"

இல்லை என்றேன். மண்ணச்சநல்லூர் வரைக்கும் போய் ஒரு கர்ப்பிணியை அழைத்து வர வேண்டும், கூட வர முடியுமா என்று கேட்டார். தனியாக நாட்டுப்புறம் போகிற பெண்மணிக்குத் துணையாக ஓர் ஆண்மகன் வேண்டும், தென்னூர் முழுதும் தேடி என்னைக் கண்டுபிடித்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். உள்ளே போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு, தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கையில் தடியும் எடுத்துக்கொண்டேன். விஷயத்தைக் கேட்ட மனைவி, "ராத்திரி கொல்லைப்பக்கம் போக என்னை எழுப்பற ஆளு நீங்க. உங்களையா துணைக்குக் கூப்பிட்டாங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பொறாமை என்று நினைத்தேன்.

காரில் ஏறப் போனபோது டாக்டரம்மா தடியை வாங்கித் தோட்டத்தில் போட்டார். தலைப்பாகையைக் காட்டி, "உசரத்துல எதுக்கு இவ்வளவு துணி? மடில வச்சுக்குங்க" என்றார். போகும்போது என்னைப் பின்னால் இடது மூலையில் உட்கார வைத்தார். திரும்பும்போது கர்ப்பிணி இடது பக்கம், நான் வலது பக்கம். வேறொரு தடவை அவருக்குப் பக்கத்திலேயே, முன்னால். இதெல்லாம் பாதுகாப்பு ஏற்பாடு, எதிரி எந்தப் பக்கம் வருவான் என்று அவர் முன்கூட்டி யோசிக்கிறார் என்று நான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்படிச் சில மாதம் ஓடிற்று. ஒருநாள் எனக்குக் காய்ச்சல். ஜன்னலோரம் படுத்திருந்தேன். பக்கத்து வீட்டுக் கார் கிளம்புகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், என்னுடைய இடத்தில் இரண்டு நெல் மூட்டைகள் சாய்ந்து உட்கார்ந்திருந்தன. எனக்குக் கொடுத்த அதே மூலை. என்னைவிடக் கௌரவமாகவே உட்கார்ந்திருந்தன என்று என் மனைவி சொன்னாள்.

காய்ச்சல் விட்டதும் நேரே போய்க் கேட்டேன். வேறொருத்தராக இருந்தால் கொஞ்சம் நெளிந்திருப்பார். டாக்டரம்மாவுக்கு நெளிகிற பழக்கமே கிடையாது. முறுக்கு தின்றுகொண்டிருந்தார். "மூட்டை உங்களுக்கு ஈடாகாது மிஸ்டர்" என்றார். நான் கொஞ்சம் நிமிர்ந்தேன். "மூட்டையை நகரச் சொன்னா நகராது" என்று முடித்தார்.

அதுதான் அவர். அவர் கண்ணுக்கு மனிதர்கள் முதலில் பாரம். ஜாதி, பணம், உத்தியோகம் எல்லாம் அப்புறம், நேரம் இருந்தால். ஜட்கா வண்டியில் ஏறினால், வண்டிக்காரன் வாயைத் திறக்குமுன் இவரே "நீங்க முன்னாடி போங்க, அந்த அம்மா நடுவுல, பையன் பின்னாடி" என்று ஆட்களை மாற்றி உட்கார வைத்துவிடுவார். குதிரைக்காரர்களுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஒரு கல்யாணத்தில் ஊர்கோலக் காரில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் பெரிய வக்கீல் ஒருவர் ஏறி உட்கார்ந்தார். டாக்டரம்மா போய், மாப்பிள்ளை ஒல்லி, நீங்கள் இந்தப் பக்கம் இருந்தால் முனை திரும்பும்போது அவர் உங்கள் மடியில் வருவார் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். வக்கீல் இறங்கிவிட்டார். அந்த வீட்டில் பிறகு மூன்று பிரசவம் நடந்தது. எதற்கும் இவரைக் கூப்பிடவில்லை. அதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அவருடைய கார் ஒரு ஜமீன் வீட்டில் கழித்துவிட்ட ஏழுபேர் வண்டி. கான்வாஸ் கூரை. நல்ல உயரம். நேர்ச் சாலையில் நாகரிகமாகப் போகும். முனை திரும்பினால் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்துகொண்டு, யாரையோ எட்டிப் பார்க்கிற மாதிரி நிற்கும். உள்ளே படுத்திருக்கிற நோயாளி உருண்டுவிடுவாள். அந்தச் சாய்வை நிறுத்த வேண்டும் என்பது அவர் கேட்டது. ஆனால் மெத்தைபோல ஓடுகிற சுகம் குறையக் கூடாது என்பதும் அவர் கேட்டதுதான்.

நான் அந்தக் காரில் ஏறுவதற்கு முன்பே, பாலக்கரையில் இருந்த மெக்கானிக் பாய் இதைக் கேட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, ஸ்பிரிங் பட்டை கூட்டினா வண்டி சாயாது, ஆனா கருங்கல்லு மேல உக்காந்த மாதிரி இருக்கும். பட்டையைக் குறைச்சா தொட்டில் மாதிரி இருக்கும், ஆனா சாயும். ரெண்டையும் ஒரே வண்டில கேட்டா நான் அல்லாகிட்டதான் கேக்கணும்" என்றார்.

"கேளுங்க. அதுவரைக்கும் ரெண்டு பட்டை கூட்டிப் போடுங்க, பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா.

போட்டார்கள். சோதனை எப்படி என்றால், பாய் ஓட்ட வேண்டும். டாக்டரம்மா பின்சீட்டில் நோயாளி மாதிரி நீட்டிப் படுத்துக்கொள்வார். கண்ணை மூடி, கை இரண்டையும் வயிற்றின்மேல் கோத்துக்கொள்வார். கூரையை மடக்கிவிட்டுப் பட்டப்பகலில் இப்படி உறையூர்ச் சாலையில் போனால் ஊர் என்ன நினைக்கும்? அன்று மாலை பெரிய கடைவீதி வியாபாரி ஒருவர் மாலையோடு துக்கம் விசாரிக்க வந்துவிட்டார். கதவைத் திறந்தவர் டாக்டரம்மா. வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, முதுகு மட்டும்தான் போயிற்று, மற்றதெல்லாம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்.

பட்டையைக் கழற்றிப் பார்த்தார்கள். அந்தத் தடவை உறையூர் தாண்டுமுன் வாந்தி எடுத்தார். அதையும் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். ஷாக் அப்ஸார்பர் திருகை இறுக்கினார்கள், தளர்த்தினார்கள். டயரில் காற்றைக் குறைத்தார்கள். கடைசியில் பாய் அவரிடமிருந்து தப்பிக்கவோ என்னவோ, பாரம் மேலே இருந்தால்தான் வண்டி ஆடும், கீழே வைத்தால் அடங்கும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அவ்வளவுதான். பின்னால் உயரத்தில் இருந்த சாமான் தட்டு இறங்கிற்று. மருந்துப் பெட்டி தரைக்கு வந்தது. ஸ்டெப்னிச் சக்கரத்தைக் கூடப் படுக்க வைத்தார்கள். ஸ்பிரிங்கை மெத்தென்றே விட்டுவிட்டு, மிச்சமிருந்த சாய்வுக்கு டாக்டரம்மா கண்டுபிடித்த மருந்து நான்.

மூட்டை விஷயம் வெளிப்பட்ட பிறகு, பின்சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடுவில், குறுக்கே ஒரு பலகை அடித்தார். விளக்கெண்ணெய் போட்டு வழுவழுவென்று தேய்த்திருந்தார். அதில் நான் உட்கார வேண்டும். கார் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் நகர வேண்டும். கேட்க எளிது. ஆனால் கார் வலது பக்கம் திரும்பும்போது உடம்பு இடது பக்கம்தான் தள்ளப்படும். அதை எதிர்த்து, தள்ளுகிற இடத்துக்கு எதிர்ப்புறமாக வழுக்கிப் போக வேண்டும். சத்திரத்துப் பக்கம் முனையில் அவர் "இடது" என்று கத்துவார், நான் இடது பக்கம் வழுக்குவேன். "வலது" என்பார், வலது பக்கம் வருவேன். வெற்றிலைக் கடையில் நின்றவர்களெல்லாம் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். என்னிடம் பாலிஸி எடுக்க இருந்த ஒருவர் அவர்களோடு நின்றிருந்தார். எடுக்கவில்லை.

ஏன் இதற்குச் சம்மதித்தீர்கள் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. ஒருநாள் திரும்பி வரும் வழியில், எதற்கு இந்தப் பாடு, மெதுவாகப் போனால் போதாதா என்று கேட்டேன். முனை திரும்பி நேர்ச் சாலைக்கு வந்ததும் சொன்னார். தொழிலுக்கு வந்த புதிதில் மருங்காபுரிப் பக்கம் இருந்தாராம். காட்டுப் பாதையில் ஒரு பெண்ணைக் கட்டை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். பிழைக்க வேண்டியவள். "வழியிலேயே போயிடுச்சு மிஸ்டர். வியாதியால இல்ல, வண்டியால" என்றார். அதற்குப் பிறகு பலகையில் உட்கார முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், முடியவில்லை.

ஆடி மாதம். காவிரியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர். மத்தியானம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஆள் வந்தான். கோயில் கைங்கரியக்காரர் வீட்டு மருமகள், எட்டாம் மாதம், காலையிலிருந்து உதிரம் போகிறது. டாக்டரம்மாவுடைய முகம் மாறிற்று. உடனே காரில் கிளம்பினோம். அங்கே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து என்னிடம் மட்டும் சொன்னார்: குழந்தை வரவேண்டிய வாசலை நச்சுக்கொடி அடைத்துக்கொண்டிருக்கிறது. இப்போது ரத்தம் நின்றிருக்கிறது. வழியில் ஒரு குலுக்கல், ஒரு உருளல் போதும், மறுபடி உடைத்துக்கொண்டு வந்தால் ஆஸ்பத்திரி வாசல்வரை தாங்காது. ஆஸ்பத்திரிக்குப் போகாமலும் முடியாது.

புருஷன் ஊரில் இல்லை. மாமியார் இருந்தார். மடிசார், ஈரம் காயாத மடிப்புடவை, நெற்றியில் திருமண். மருமகளைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்தோம். மாமியார் தலைமாட்டில், படாமல் ஒதுங்கி உட்கார்ந்தார். நான் பலகையில் ஏறினதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இந்தப் புருஷாளும் உள்ளயா வரார்? நாட்டுப்பொண் இந்த ஸ்திதில படுத்துண்டிருக்கா."

"அவர் ஆள் இல்லம்மா. பாரம்" என்றார் டாக்டரம்மா.

மாமியார் என்னை நன்றாகப் பார்த்தார். விளக்கம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. "பாரம்னா இருக்கட்டும். திரும்பிப் பார்க்கப்டாது" என்றார். ஒரு வேஷ்டியைக் குறுக்கே கட்டித் திரை போட்டார்கள். எனக்குப் பின்னால் திரை. திரைக்குப் பின்னால் அந்தப் பெண் மூச்சு விடுகிற சத்தம்.

உத்திர வீதி முனைகளில் நான் பிரமாதமாக நகர்ந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. சுமாராக நகர்ந்தேன். வண்டி மட்டமாகத் திரும்பியது. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு முனகல் இல்லை. மொட்டைக் கோபுரம் தாண்டினோம். அம்மா மண்டபம் சாலையில் திரும்பினோம். மாமியார் வாய்க்குள் பாசுரம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பிரீமியம் விகிதங்கள்தான் ஞாபகம் வந்தன.

மாம்பழச் சாலையில் வந்து வலது கைப்பக்கம் திரும்பினால் பாலம். அந்த முனைக்கு வந்தபோது எனக்கு ஆறு முழுசாகத் தெரிந்தது. வலது பக்கம் கரை விளிம்புவரைக்கும் செந்தண்ணீர். ஒரு தென்னை மரம் வேரோடு சுழன்றுகொண்டு போயிற்று. எதிரே வைக்கோல் வண்டி ஒன்று பாலத்திலிருந்து இறங்கி வந்தது. டாக்டரம்மா அதற்கு ஒதுங்கிச் சட்டென்று திருப்ப வேண்டியதாயிற்று. "வலது" என்றார்.

வலது பக்கம்தானே ஆறு.

அடுத்த கணம் கார் சாய்ந்தது. அப்படி ஒருநாளும் சாய்ந்ததில்லை. கவிழ்கிறோம் என்று நிச்சயம் செய்துவிட்டேன். எனக்கு எவ்வளவு தொகைக்குப் பாலிஸி இருக்கிறது என்பதுவரை நினைவுக்கு வந்தது. எப்படிக் கதவைத் திறந்தேன் என்பது மட்டும் நினைவில் இல்லை. கண்ணைத் திறந்தபோது சாலையோரம் ஜட்கா குதிரைகளுக்குப் புல் விற்கிற ஒரு கிழவியின் புல்கட்டுமேல் கிடந்தேன்.

"ஏன் சாமி, வெலை கேட்டுட்டு விழக்கூடாதா?" என்றாள் அவள்.

நான் காரைப் பார்த்தேன். கவிழ்ந்திருக்கும் என்றுதான் பார்த்தேன். அது பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. கதவு ஆடிக்கொண்டிருந்தது, உள்ளிருந்து வளையல் போட்ட ஒரு கை நீண்டு அதை இழுத்துச் சாத்திற்று. திரையைக் காணவில்லை. என் பலகையில் மடிசார் கட்டிய ஒரு முதுகு உட்கார்ந்திருந்தது.

ஜட்காக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் ரொம்ப மரியாதையாக, "ஏறிக்குங்க ஐயா, ஆனா நடுவழில எறங்க மாட்டீங்களே?" என்று கேட்டான். நான் நடந்தே போகிறேன் என்றேன்.

பாலம் முழுக்க வெள்ளம் பார்க்க வந்த கூட்டம். என் சட்டையெல்லாம் புல். தண்ணீரைப் பார்க்க வந்தவர்கள் தண்ணீரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் ஓடினேன், நடந்தேன், மறுபடி ஓடினேன். குதித்த வேகத்தில் வண்டி எப்படிக் குலுங்கியிருக்கும் என்று அப்போதுதான் தோன்றிற்று. அந்தப் பெண் உருண்டிருப்பாளா? மறுபடி ரத்தம் வந்திருக்குமா? எதையும் தமாஷாக்கிவிடுகிற வாய் எனக்கு. அந்தப் பாலத்தில் அதில் ஒரு வார்த்தை ஊறவில்லை. அதற்குப் பதிலாக, போய் என்ன சொல்வது என்று ஜோடித்துக்கொண்டே போனேன். கதவுத் தாழ்ப்பாள் விட்டுப்போயிற்று, தவறி விழுந்தேன். இல்லை, பரஸ்திரீ இருக்கிற வண்டியில் இருப்பது தகாது என்று இறங்கினேன். இல்லை, பாரத்தைக் குறைக்கலாமே என்று. ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்த்தேன். கடைசிக் கதை நன்றாக இருந்தது. அதையே வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் தனியாக உட்கார்ந்திருந்தார். மடிப்புடவையில் ரத்தக் கறை, விளக்கெண்ணெய்க் கறை. என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. உள்ளே கத்தி வைத்துக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னார். நான் ஏதோ குளறினேன். உங்கள் மடி, ஆசாரம் எல்லாம் என்னால் கெட்டுப்போயிற்று என்றேன்போல.

"ஸ்நானம் பண்ணா மடி வந்துடும்" என்றார் அவர். "அவ போயிட்டா எந்த ஸ்நானத்துல வருவா?"

அதற்குமேல் அந்த வராந்தாவில் உட்கார எனக்கு இடமே இல்லாததுபோல் இருந்தது. தூணோரம் நின்றேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு டாக்டரம்மா வெளியே வந்தார். மூக்குக்கண்ணாடி மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. பெண் குழந்தை, சின்னதாக இருக்கிறது, அழுகிறது. தாய்க்கு நினைவு இருக்கிறது, ரத்தம் நின்றுவிட்டது என்று மாமியாரிடம் சொன்னார். அந்த அம்மாள் எழுந்து நின்று தெற்கே பார்த்தாரோ வடக்கே பார்த்தாரோ, ரங்கநாதர் இருக்கிற திசை எது என்று அப்போது அவருக்குப் புலப்படவில்லை; எல்லாப் பக்கமும் கும்பிட்டார்.

பிறகு டாக்டரம்மா என்னிடம் வந்தார். தயாராக வைத்திருந்த கதையை எடுத்தேன். பாரத்தைக் குறைக்கலாமே என்று, என ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை. கோபமும் இல்லை. நாடி பார்க்கிறவர் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு, "நாளைலேருந்து அந்த மாமியாரையே கூப்பிடலாமான்னு யோசிக்கிறேன் மிஸ்டர். எடை உங்கள்ல பாதிகூட இல்ல. ஆனா சொன்ன பக்கம் போறாங்க" என்றார்.

அவர் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அவருக்குக் குத்தத் தெரியாது. உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் அந்தக் கடைசிக் கதையைத்தான் சொன்னேன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் தாழ்ப்பாள் கதையைச் சொன்னேன். இரண்டையும் ஒருவரும் நம்பவில்லை. நடந்தது இதுதான். டாக்டரம்மா வலது என்றார். ஆற்றைப் பார்த்துப் பயந்து நான் இடது பக்கம் ஒதுங்கினேன். என் பாரத்தால் வண்டி இடது பக்கம் சாய்ந்தது. நான் குதித்தேன். நான் இறங்கியதும் வண்டி நிமிர்ந்துகொண்டது.